ஞாயிற்றுக்கிழமை வீடு

உண்மையைச் சொல்லிவிடுவது என்று லிஃப்ட்காரர் முடிவெடுத்துவிட்டார். இது பதினோராவது முடிவு. முந்தைய பத்தும் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பிறந்தவை. பத்தும் அன்றைக்கு மதியமே செத்தும் போயின. ஆனால் இந்தப் பதினொன்று அந்த மாதிரி நோஞ்சான் இல்லை. ஓடுகிற பஸ்ஸில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, "சொல்லிட வேண்டியதுதான்!" என்று வாய்விட்டுச் சொல்லி எடுத்த முடிவு. பக்கத்து சீட்டு ஆள் பையைத் தூக்கிக்கொண்டு வேறு சீட்டுக்கே போய்விட்டார்.

அப்படி என்ன பெரிய உண்மை? வேறொன்றுமில்லை. தனக்கு வீடு இல்லை என்கிற உண்மை. அதைப் பெண்டாட்டியிடம் சொல்ல வேண்டும். கேட்பதற்குச் சின்ன விஷயமாகத்தான் தெரியும். அவர் பெண்டாட்டியைத் தெரிந்தவர்களுக்குத்தான் அதன் அருமை புரியும்.

மனுஷர் இந்த நாட்டுக்கு வந்து பதினாலு மாதம் ஆகிறது. லிஃப்ட் மெக்கானிக். ஒரு நாளைக்கு ஏழெட்டுக் கட்டடம் ஏறி இறங்க வேண்டும். சோதித்துப் பார்த்து, எண்ணெய் போட்டு, ஒவ்வொரு லிஃப்ட்டிலும் தொங்குகிற அட்டையில் கையெழுத்துப் போட வேண்டும். கண்ட இடத்தில் நின்றுபோன லிஃப்ட்டையெல்லாம் ஓட வைத்துவிடுவார். அவர் குடும்பம்தான் இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நின்றது.

விமானம் ஏறும்போது, "மூணே மாசம். வீடு பாத்துட்டு உன்னையக் கூப்பிட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டு வந்தார். "மூணு மாசம்னா மூணு மாசமா இருக்கணும்" என்றாள் அவள். ஊரில் சொந்த வீட்டின் பக்கவாட்டு அறையில் மெஷின் போட்டுத் துணி தைக்கிறவள். அளவு விஷயத்தில் படு கறார்.

இங்கே வந்து பார்த்தால்தான் தெரிந்தது. பெண்டாட்டியை வரவழைக்க வேண்டுமானால், தன் பெயரில் வீடு இருப்பதாகக் காகிதம் காட்ட வேண்டுமாம். வீட்டுக்காரர்களோ மூன்று மாத அட்வான்ஸ் கேட்டார்கள். ஆறு மாதச் சம்பளச் சீட்டு கேட்டார்கள். ஜாமீனுக்கு உள்ளூர் ஆள் ஒருத்தர் வேண்டும் என்றார்கள். உள்ளூரில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் லிஃப்ட்டுகள்தான்.

இந்த லட்சணத்தில் எது வாங்கினாலும் அதை ஊர்க் காசுக்கு மாற்றிப் பார்க்கிற வியாதி வேறு அவருக்கு. முடி வெட்டப் போனார். மாற்றிப் பார்த்தார். ஊரில் அந்தக் காசுக்குப் பழைய சைக்கிளே வாங்கலாம். பாதி வெட்டியதோடு எழுந்து வந்துவிடலாமா என்று நாற்காலியிலேயே யோசித்தார். அடுத்த மாதத்திலிருந்து கண்ணாடி முன்னால் நின்று தானே வெட்டிக்கொண்டார். குப்பை போடுவதற்கான பையைக்கூடக் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்று தெரிந்த அன்றைக்கு, "குப்பைக்குமா!" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

குடியிருப்போ ஒரே அறையில் நாலு பேர். கட்டில் மூன்று. அதனால் ஒரு கட்டிலை லிஃப்ட்காரரும் ரொட்டிக்காரரும் முறைவைத்துப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ரொட்டிக்காரர் பேக்கரியில் ராத்திரி வேலை செய்கிறவர், வயதில் மூத்தவர். காலை ஆறிலிருந்து சாயங்காலம் ஐந்து வரை கட்டில் அவருக்கு. அப்புறம் இவருக்கு. ஒரே கட்டிலில் இரண்டு பேர், ஒரு நாளும் சண்டை சச்சரவு கிடையாது. எத்தனையோ புருஷன் பெண்டாட்டிக்கு வாய்க்காத ஒற்றுமை அது.

வார நாளில் பிரச்சினை இல்லை. ஞாயிற்றுக்கிழமைதான் திண்டாட்டம். ரொட்டிக்காரர் தூங்க வந்துவிடுவார். இவர் சாயங்காலம் வரைக்கும் எங்கே போவது? வெளியே குளிர் ஆளை அடித்துப் போடுகிறது. டீக்கடையில் உட்காரலாம் என்றால் ஒரு டீயின் விலையை மாற்றிப் பார்த்ததும் தாகம் தானாக அடங்கிவிடுகிறது. அப்படி அலைந்தபோதுதான் ஊருக்கு வெளியே அந்தப் பிரம்மாண்டமான ஃபர்னிச்சர் கடை கண்ணில் பட்டது. உள்ளே கதகதவென்று இருந்தது. சின்னச் சின்ன வீடுகள் மாதிரியே தடுத்துத் தடுத்து, சோபா, கட்டில், விளக்கு, சமையல்கட்டு எல்லாம் அமைத்து வைத்திருந்தார்கள். யார் வேண்டுமானாலும் உட்காரலாம். உட்கார்வதற்குக் காசு கிடையாது. இந்த நாட்டில் அவர் கேள்விப்பட்ட முதல் இலவசம்.

பச்சை நிற சோபா ஒன்றில் போய் உட்கார்ந்தார். எத்தனை மாதம் கழித்து முதுகு சாய்கிறது! அப்போது பார்த்து அவளிடமிருந்து வீடியோ கால். பழக்கதோஷத்தில் எடுத்துவிட்டார்.

"அட!" என்றாள் அவள். கண் விரிந்தது. "வீடு பாத்துட்டீங்களா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனால் அவள் முகத்தைப் பார்த்துவிட்டார். அதுதான் தப்பு. கல்யாணம் முடிந்து முதல் தடவை தனிக்குடித்தனம் போனபோது இருந்த முகம் அது. அந்த முகத்தைப் பார்த்து எந்த மடையனாவது இல்லை என்று சொல்வானா?

"ஆமா" என்றார் லிஃப்ட்காரர்.

"சொல்லவே இல்ல பாத்தீங்களா!" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள் அவள்.

அவ்வளவுதான். அன்றையிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் அவருக்கு அங்கே வீடு. வார நாளில் அறையிலிருந்த மற்றவர்களுக்குப் பயந்து கக்கூஸுக்குள் நின்று இரண்டு நிமிஷம் கிசுகிசுத்துவிட்டு வைத்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் முழுசாக ஒரு மணி நேரம், பச்சை சோபாவில் சாய்ந்துகொண்டு, கால்மேல் கால் போட்டுப் பேச்சு.

கடையில் இருந்த பெண் முதலில் இரண்டு தடவை வந்து என்ன வேண்டும் என்று கேட்டாள். அவர் அந்த ஊர்ப் பாஷையில் ஒரே ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்து வைத்திருந்தார். "யோசித்துச் சொல்கிறேன்." மாதக்கணக்கில் யோசித்தார். அவளும் பிறகு கேட்பதை விட்டுவிட்டாள்.

சோபாவுக்குப் பின்னால் கட்டில், பக்கத்தில் அலமாரி, அதற்கும் அந்தப் பக்கம் சமையல்கட்டு. ஆபத்து என்னவென்றால் வீட்டுக்குள் ஜனங்கள் வந்து போய்க்கொண்டே இருந்தார்கள்.

"என்னங்க, பின்னால யாரு?"

"பக்கத்து வீட்டுக்காரங்க."

"நம்ம மெத்தையில உக்காந்து குதிச்சுப் பாக்கறாங்களே?"

"இங்க அப்படித்தான். கள்ளங்கபடம் இல்லாத ஜனங்க."

"அலமாரியத் திறக்கறாங்க!"

"உரிமையாப் பழகுவாங்க."

"டேப்பை எடுத்து அளக்கறாரே அந்த ஆளு?"

"அவரா? அவரு... அவரும் டெய்லருதான்."

"அலமாரிக்கா சட்டை தைக்கப் போறாரு?" என்றாள்.

இன்னொரு ஞாயிற்றுக்கிழமை சமையல்கட்டைக் காட்டச் சொன்னாள். காட்டினார். பளபளவென்று இருந்தது. "அந்தக் குழாயத் திறந்து ஒரு டம்ளர் தண்ணி குடிங்க. நீங்க தண்ணி குடிக்கறதையாவது கண்ணால பாக்கறேன்" என்றாள். குழாயைத் திருகினார். காற்றுகூட வரவில்லை.

"தண்ணி இன்னிக்கு வரல."

"அந்த ஊர்லயுமா!" என்று அலுத்துக்கொண்டாள் அவள்.

இதெல்லாம்கூடச் சமாளித்துவிட்டார். ஒரு நாள் ஜன்னல் அளவைக் கேட்டாளே, அன்றைக்குத்தான் ஆடிப்போனார். "நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு? கர்ட்டன் தைக்கணும்" என்றாள். அங்கே ஜன்னலே கிடையாது. ஒரு பலகையில் வானத்தை வரைந்து, பின்னால் விளக்குப் போட்டு, முன்னால் துணி தொங்கவிட்டிருந்தார்கள். பாவி மனுஷர் அந்தப் பலகையை அளந்தார். அளந்து, வேலைப் பழக்கத்தில் மில்லிமீட்டரில் சொன்னார்.

"டெய்லர்கிட்ட மில்லிமீட்டர்ல அளவு சொன்ன மொத ஆளு நீங்கதான்" என்று சிரித்தாள் அவள். "என்ன கலர் போடட்டும்?"

"உனக்கு எது புடிக்குதோ அது."

"எனக்குப் புடிச்சா போதுமா? நீங்கதான தெனமும் பாக்கப் போறீங்க?"

அந்தக் கேள்வி அவரை வாரம் பூராவும் அரித்தது. அவருக்கு அவள் ஞாபகமாகவே இருந்தது. லிஃப்ட் தண்டவாளத்துக்கு எண்ணெய் போடும்போது, காலியாகப் போய் வருகிற லிஃப்ட்டுக்குள் தனியாக நிற்கும்போது, அவள் இப்போது பக்கத்தில் இருந்தால் என்று ஏங்குவார். ஞாயிற்றுக்கிழமை அந்த சோபாவில் எப்போதும் இடது ஓரமாகத்தான் உட்காருவார். வலது பக்கம் அவளுக்கு. கூட்டம் அதிகமாக இருக்கிற நாளில் யாராவது அங்கே உட்கார வந்தால், கையை வைத்து மறித்துக்கொண்டு, "யோசித்துச் சொல்கிறேன்" என்பார்.

அவள் தனிமையை நினைத்தாலோ இன்னும் மோசம். ஒரு தடவை அவள் பின்னால், ஊர் வீட்டு ஹாலில், பெரிய மீன் தொட்டி ஒன்று தெரிந்தது.

"அது எப்ப வாங்கின?"

"அதுவா? பொழுது போகல. மீனாவது கூட இருக்கட்டுமேன்னுதான்."

அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கட்டின பெண்டாட்டியை மீனோடு பேச விட்டுவிட்டோமே என்று பஸ்ஸில் வழி நெடுக மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தார். அன்றையிலிருந்துதான் உண்மையைச் சொல்லிவிடுகிற முடிவுகள் வாரம் ஒன்றாகப் பிறக்க ஆரம்பித்தன. சொன்னால் என்ன ஆகும்? அவளுக்கு வீடு போய்விடும். வரப்போகிறோம் என்கிற நம்பிக்கையும் கூடவே போய்விடும். போனைத் தூக்கிப் போட்டுவிட்டு, "இனிமே உங்க பேச்சே வேணாம்" என்று சொல்லிவிட்டால்? சொல்லக்கூடியவள்தான். அந்தப் பயத்தில் பத்து முடிவுகள் செத்தன.

ஆக, பதினோராவது முடிவோடு கடைக்குள் நுழைந்தார். நேராகத் தன் வீட்டைப் பார்த்துப் போனார்.

வீட்டைக் காணோம்.

பச்சை சோபா இல்லை. கட்டில் இல்லை. ஜன்னல் பலகைகூட இல்லை. அந்த இடத்தில் மேலும் கீழுமாக இரண்டு தட்டு வைத்த குழந்தைகள் கட்டில் போட்டு, சுவரில் நட்சத்திரம் ஒட்டி வைத்திருந்தார்கள். லிஃப்ட்காரர் அப்படியே நின்றார். கடைச் சாமான்தான், தனக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று புத்திக்குத் தெரிகிறது. மனசு கேட்கவில்லை. சொந்த வீடே இடிந்த மாதிரி இருந்தது. கடைப் பெண் வந்து கையை விரித்து, சைகையிலேயே சொன்னாள். வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாவற்றையும் மாற்றுவார்களாம். அவர் கண் கலங்கியதைப் பார்த்து, நாற்காலி ஒன்றை அவளே இழுத்துப் போட்டுவிட்டுப் போனாள்.

நாற்காலியில் உட்காரத் தோன்றவில்லை. குழந்தைகள் கட்டிலின் கீழ்த் தட்டில் குனிந்து உட்கார்ந்தார். தலை மேல் தட்டில் இடித்தது. போன் அடித்தது. எடுத்தார்.

"இதைக் கேளு" என்று ஆரம்பித்தார். "நான் ஒண்ணு சொல்லணும். கோவப்படாத. கோவப்பட்டாலும் போனை மட்டும் வெச்சுடாத. நான் இத்தனை நாளா..."

அவள் உற்றுப் பார்த்தாள். "என்னங்க, வீட்டை மாத்திட்டாங்களா?"

"என்னது?"

"பச்சை சோபாவைத் தூக்கிட்டாங்களா?"

லிஃப்ட்காரர் வெடுக்கென்று நிமிர்ந்தார். தலை மறுபடியும் மேல் தட்டில் இடித்தது. "உனக்கு... எப்ப தெரியும்?"

"ரெண்டாவது வாரமே தெரியும். கட்டில்ல போட்டிருந்த பெட்ஷீட் பாதிதான் துணி. கண்ணுக்குத் தெரியற பக்கம் மட்டும் இழுத்து குண்டூசி குத்தி வெச்சிருந்தாங்க. உள்பக்கம் ஓரமே அடிக்கல. தையக்காரிகிட்ட வந்து துணியை வெச்சு ஏமாத்தினா எப்படிங்க?"

"அப்புறம் ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

அவள் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "கேட்டா நீங்க மறுபடி கக்கூஸுக்குள்ள நின்னு ரெண்டு நிமிஷம் பேசிட்டு வெச்சுருவீங்க. அங்க இருந்தாதான் ஒரு மணி நேரம் உக்காந்து பேசினீங்க. உங்க முகத்துல வெளிச்சம் விழுந்துச்சு. எனக்கு அது போதும்னு இருந்துச்சு. தவிர, நீங்களே ஒரு நாள் சொல்லுவீங்கன்னு காத்துட்டிருந்தேன். வாராவாரம் காத்துட்டிருந்தேன்."

"சொல்லத்தான் வந்தேன். பதினோரு தடவை வந்தேன்."

"தெரியும். ஒவ்வொரு வாரமும் போனை எடுத்ததும் 'இதைக் கேளு'ன்னு ஆரம்பிப்பீங்க. அப்புறம் 'மழை பெஞ்சுதா?'ன்னு முடிப்பீங்க."

அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, அவளை அப்படியே போனுக்குள் கையை விட்டு இழுத்துக்கொண்டால் என்ன என்றும் இருந்தது. "உன்னை ஏமாத்தணும்னு இல்லடி. உன் முகத்தைப் பாத்ததும் இல்லன்னு சொல்ல வரல" என்றார். "நீ அங்க சொந்த வீட்டுல ஒழுங்கா இருக்க. அது ஒண்ணுதான் எனக்கு ஆறுதல்."

"ம்" என்றாள் அவள். "நான் எங்க இருக்கேன்னு பாக்கறீங்களா?"

போன் திரும்பியது. ஊர் வீட்டு ஹால். ஹாலில் ஒரு முன்பின் தெரியாத மனிதர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஒரு அம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். மூன்று குழந்தைகள் மீன் தொட்டியைச் சுற்றி நின்று இவருக்கு டாட்டா காட்டின.

"யாரு அவங்க? பக்கத்து வீட்டுக்காரங்களா?" என்றார் லிஃப்ட்காரர். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"குடியிருக்கறவங்க. வீட்டை வாடகைக்கு விட்டு எட்டு மாசமாச்சு. நான் தையல் ரூம்ல மெஷின் பக்கத்துலயே படுத்துக்கறேன். ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் நான் ஹால்ல உக்காந்து பேசலாம், அவங்க போன்ல தெரியக்கூடாதுன்னு அக்ரிமெண்ட்லயே எழுதியிருக்கேன்."

"அப்ப அந்த மீனு?"

"அவங்க மீனு."

அந்த மீனுக்காகப் பஸ்ஸில் அழுதது அவருக்கு ஞாபகம் வந்தது. "எதுக்குடி இந்தக் கஷ்டம் எல்லாம்?" என்றார்.

"எதுக்கா? அட்வான்ஸுக்கு. நீங்க வீடு பாப்பீங்கன்னு இருந்தா என் தலை நரைச்சுடும். அதான் நானே பாத்துட்டேன்."

"நீயா? அங்க இருந்தா?"

"ரொட்டிக்கார அண்ணன்கிட்ட சொன்னேன். அவசரத்துக்குன்னு அவர் நம்பரைக் குடுத்திருந்தீங்கள்ல? அவர் பேக்கரி முதலாளிக்குக் கடைக்கு மேல மாடியில ரெண்டு ரூம் காலியா இருந்துச்சாம். ஜாமீன், சம்பளச் சீட்டு ஒண்ணும் வேணாம், உன் வார்த்தை போதும்னு அண்ணன்கிட்ட சொல்லிட்டாராம். ரெண்டு மாசம் ஆச்சு. கர்ட்டன்கூட அந்த ஜன்னலுக்குத்தான் தைச்சிருக்கேன். அளவு அண்ணன் சொன்னாரு. அங்குலத்துல சொன்னாரு."

"இரு, இரு. என் கையெழுத்து இல்லாம எப்படி?"

"நீங்கதான் போட்டீங்களே."

"எப்ப?"

"அண்ணன் ஒரு நாள் காலையில வேலை முடிச்சு வந்து, 'தம்பி, ரூம் விஷயமா இதுல ஒண்ணு போடுங்க'ன்னு நாலு காகிதம் நீட்டினாராம். நீங்க லிஃப்ட்டு அட்டையில போடற மாதிரியே நாலுலயும் சரசரன்னு போட்டுக் குடுத்துட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு ஓடினீங்களாம். என்ன எழுதியிருக்குன்னு ஒரு பார்வை பாக்கலயாம். அண்ணனே பயந்துட்டாரு, இந்த ஆளு வேற எதுலயாவது போட்டுடப் போறாருன்னு."

லிஃப்ட்காரர் யோசித்துப் பார்த்தார். போட்டிருக்கிறார். போட்டது மட்டுமில்லை, அடியில் 'சோதிக்கப்பட்டது, பழுதில்லை' என்றும் எழுதியிருக்கிறார்.

"ரெண்டு மாசமா எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா, 'ஐயையோ இவ்வளவு வாடகையா, நம்ம காசுக்கு மாத்தினா எவ்வளவு தெரியுமா'ன்னு உக்காந்திருப்பீங்க. நீங்க மாத்தி முடிக்கறதுக்குள்ள வேற யாராவது குடி வந்திருப்பாங்க."

வாயைத் திறந்தார். வாடகை எவ்வளவு என்றுதான் அவர் கேட்க இருந்தார். மூடிக்கொண்டார்.

"இன்னும் ஒண்ணு" என்றாள் அவள். குரல் இறங்கியது. "வீட்டுக் காகிதத்தை வெச்சு விசாவுக்கு எழுதிப் போட்டேன். வெள்ளிக்கிழமை வந்துடுச்சு. டிக்கெட்டும் எடுத்தாச்சு. இன்னும் இருபது நாள்."

லிஃப்ட்காரர் குழந்தைகள் கட்டிலில் உட்கார்ந்தபடியே அழுதார். ஒளிக்கவில்லை. அங்கே அவளும் அழுதாள். குடியிருக்கும் அம்மாள் கீரையைக் கீழே வைத்துவிட்டு அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். இங்கே கடைப் பெண் தூரத்தில் நின்று, அந்தப் பக்கம் வந்த இரண்டு பேரைக் கையைக் காட்டி வேறு வழியாகத் திருப்பி அனுப்பினாள்.

"ஏம்மா" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. பதினாலு மாதத்தில் அப்படி ஒரு குரல் அவரிடமிருந்து வந்ததில்லை. "நான் இப்பவே போய்ப் பெட்டியைத் தூக்கிட்டு அங்க போயிடறேன். கூட்டிப் பெருக்கி, துடைச்சு, கண்ணாடி மாதிரி வெக்கறேன். குழாயில தண்ணி புடிச்சு உன் கண்ணு முன்னால குடிக்கறேன். உனக்குன்னு ஒரு பக்கம் ஒதுக்கி வெச்சுட்டு, இன்னிக்கே நம்ம வீட்டுல காலை நீட்டிப் படுத்துக்கறேன்!"

"அது முடியாதுங்க" என்றாள் அவள். "காலியா கிடந்து என்ன பண்ணப் போகுதுன்னு, நான் வர்ற வரைக்கும் அதை வாடகைக்கு விட்டிருக்கேன். ஆசையா இருந்தா, தெருவுக்கு எதிர்ப் பக்கம் நின்னு ஜன்னலைப் பாத்துட்டு வாங்க."